மஞ்சள் குடத்தின் கிரேடு

கொசு அடிப்பதைக்கூட அலுவலகக் காரியம்போலச் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். எங்கள் பிளாக்கில் எல்லோரும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிட்டோம். நெய்வேலியில் கால் தடுக்கி விழுந்தால் ஒரு சார்மேல்தான் விழவேண்டியிருக்கும். ஆனாலும் முன்னால் பெயரோ பின்னால் டிபார்ட்மெண்டோ இல்லாமல் வெறும் சார் என்றால் அது அவர்தான்.

பொழுது சாயும் நேரத்தில் குவார்ட்டர்ஸ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவார். சலவை பனியன், கட்டம்போட்ட லுங்கி, வலது கையில் மின்சாரக் கொசுபேட். நம்மைப்போலக் காற்றில் வீசி, நாற்காலியைத் தட்டிவிட்டு, கடைசியில் சொந்த முழங்காலில் அடித்துக்கொள்ள மாட்டார். அசையாமல் காத்திருப்பார். கொசு வரும் வழியில் பேட்டை மெதுவாக நீட்டுவார். டப். ஒரு நீலப் பொறி. அவர் முகத்தில் சின்னதாக ஒரு நிறைவு வந்து போகும்.

"நாம அடிக்கறதில்ல. அதுவா வந்து மாட்டுது" என்பார்.

பர்சனல் டிபார்ட்மெண்டில் இருந்தார். யார் எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தார், யாருக்கு எப்போது பிரமோஷன், யாரைத் தாண்டி யார் போனார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சிலருக்குத் திருவிளையாடல் கதைகள் வரும். இவருக்கு சீனியாரிட்டி வந்தது. காலையில் வாக்கிங் போகும்போது எதிரில் வருகிறவருக்கு வணக்கம் சொல்வதிலேயே அது தெரியும். தனக்கு மேல் கிரேடு என்றால் கை நெஞ்சுவரை உயரும். சமம் என்றால் வயிறுவரை. எனக்கு விரல்கள் மட்டும் அசையும். நான் அக்கவுண்ட்ஸில் நடுத்தரமான ஒரு மேஜை. அந்த விரலசைவுக்கே நன்றியுடையவனாக இருந்தேன்.

அவருக்கு ஒரு வாசகம் உண்டு. "முறைன்னு ஒண்ணு இருக்குல்ல." பால்காரரிடம் சொல்வார். பார்பரிடம் சொல்வார். எங்கள் தெருவில் ஒரு நாய் இன்னொரு நாயின் எலும்பைப் பிடுங்கியபோது அதனிடமும் சொன்னார். அது அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எலும்போடு போய்விட்டது.

மனிதன் அடிப்படையில் நல்லவனா, அல்லது கட்டிவைக்கப்பட்ட மிருகமா என்பதைப் பற்றிப் பெரிய பெரிய தத்துவக்காரர்கள் தடித்தடியாக எழுதியிருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றை நான் முன்னுரைவரை படித்திருக்கிறேன். சாருக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. அவருடைய தத்துவம் டவுன்ஷிப் முகப்பிலுள்ள ஆர்ச் கேட்டில் முடிந்துவிடும். கேட்டுக்கு உள்ளே நாடு, வெளியே காடு. உள்ளே அகலமான சாலை, ஒரே உயரத்தில் விளக்குக் கம்பம், ஒரே நிறத்தில் வீடுகள். வெளியே வடக்குத்து, காடாம்புலியூர் என்று மனிதர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வீடு கட்டிக்கொண்டு, இஷ்டத்துக்குச் சத்தம் போட்டுக்கொண்டு இருந்தார்கள். நாங்கள் மின்சாரம் தயாரித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறோம் அல்லவா? கூடவே கொஞ்சம் நாகரிகத்தையும் கம்பி வழியாக அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

காலைப் பேப்பரில் அடிதடிச் செய்தி வந்தால் அவருக்கு ஒரு உற்சாகம் பிறக்கும். காம்பவுண்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டு உரக்கப் படிப்பார்.

"பாத்தீங்களா? வரப்புத் தகராறு. அண்ணன் தம்பி வெட்டிக்கிட்டானுங்க. நம்ம பிளாக்குல இப்படி ஒண்ணு நடக்குமா?"

"நம்ம பிளாக்குல வரப்பு இல்லையே சார்" என்றேன் ஒருமுறை.

அவர் பேப்பரை மடித்தார். அடுத்த ஒரு வாரம் விரல்கூட அசையவில்லை.

சண்டை எங்கே நடந்தாலும் சமாதானம் செய்ய அவர் வந்துவிடுவார். செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் மார்பளவுக்கு உயர்த்திக்கொண்டு வருவார், யாரோ அவரை நோக்கித் துப்பாக்கி நீட்டியதுபோல. "முதல்ல ரெண்டு பேரும் உட்காருங்க. நாம என்ன காட்டுவாசிங்களா?" அவர் வந்தபிறகு எந்தச் சண்டையும் தொடர்ந்ததில்லை. முடிந்ததும் இல்லை.

பலாமரச் சண்டையைச் சொன்னால் புரியும். எங்களுக்கு எதிர் வரிசையில் பக்கத்துப் பக்கத்து வீடு இருவர். ஒருவர் எலக்ட்ரிகலில் ஃபோர்மேன், நாகர்கோவில்காரர். மற்றவர் ஸ்டோர்ஸ், கும்பகோணம் பக்கம். இருவருக்கும் நடுவில் முள்கம்பி வேலி. வேலியை ஒட்டி ஒரு பலாமரம். அந்த வருஷத்தின் பெரிய பழம், வேண்டுமென்றே செய்ததுபோல, வேலிக்கு நேர்மேலே தொங்கியது.

"மூடு எங்க பக்கமுல்லா நிக்குது. பழம் மட்டும் உமக்கா ஓய்?" என்றார் ஃபோர்மேன், அடிமரத்தைக் காட்டி.

"எலை பூரா எங்க பக்கம் கொட்டுது. தெனம் கூட்டறது எங்க வீட்டுல. பழம் மட்டும் உங்களுக்கா?" என்றார் ஸ்டோர்ஸ்.

இன்னும் ஒரு பத்து வாக்கியம் விட்டிருந்தால் அந்த இரண்டு வீட்டுப் பெண்களும் வெளியே வந்து, கத்தியில் எண்ணெய் தடவிப் பழத்தைப் பிளந்து, எதிராளிக்குப் பெரிய பாதி போய்விட்டது என்று ஆளுக்கொரு முணுமுணுப்போடு சுளையைத் தின்று முடித்திருப்பார்கள். சார் வந்துவிட்டார். கைகள் மார்பளவில்.

"மரம் கம்பெனி நெலத்துல நிக்குது. பழமும் கம்பெனிது. யார் எடுக்கலாம்னு மேல கேக்கறேன். அதுவரைக்கும் ரெண்டு பேருமே தொடக்கூடாது. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

மேலே கேட்டாரோ இல்லையோ, கீழே பழம் கனிந்தது. மூன்று தெருவுக்கு மணத்தது. அணில் ஓட்டை போட்டது. ஒருநாள் தானாகப் பிளந்து வேலிமேல் வழிந்தது. இரண்டு வீட்டுச் சமையலறையிலும் ஈ. அதன்பின் அவர்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசவே இல்லை. சண்டை வந்தால்தானே பேச்சு வரும்? "நம்ம பிளாக்குல பாருங்க, எவ்ளோ அமைதி" என்றார் சார்.

அந்த அமைதியின் தலைமையகம் அவர் வீடு. அங்கிருந்து சத்தமே வராது. குக்கர் விசில்கூடத் தயங்கித்தான் வருவதுபோல இருக்கும். அவர் மனைவியும் அவரை 'சார்' என்றுதான் சொல்வார். அந்த அம்மாள் சிரித்து நான் பார்த்ததில்லை, அழுதும் பார்த்ததில்லை. "நல்ல குடும்பங்க" என்று ஒருநாள் என் மனைவியிடம் சொன்னேன். "அந்த வீட்ல ஒரு டம்ளர் கீழ விழுந்தா எனக்கு நிம்மதியா இருக்கும்" என்றாள் அவள்.

அந்த வீட்டிலும் எங்கள் வீட்டிலும் பாத்திரம் தேய்த்தவர் சரசம்மா. வடக்குத்திலிருந்து சைக்கிளில் வருவார். ஐம்பதை நெருங்கிய வயது, தார்போட்ட சாலையைப்போல உறுதியான உடம்பு, அதைவிட உறுதியான வாய். ஆனால் சார் வீட்டில் மட்டும் அந்த வாயைத் திறக்க அனுமதியில்லை. "அங்க பாத்திரத்த ரப்பர் ஷீட்டு மேல வெச்சித் தேய்க்கணும் சார். சத்தம் வரக்கூடாதாம். நா இன்னா, குண்டு வெக்கிற வேலயா பாக்குறேன்?" என்பார்.

அப்புறம் ஒரு மார்கழியில் புயல் வந்தது.

காற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். விடிந்தபோது எங்கள் ஊரில் நிற்கும் மரத்தைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. வெளியே முந்திரிக் காடு முழுக்கப் படுத்துவிட்டது. எங்கள் பலாமரமும் வேலியைக் கட்டிக்கொண்டு சாய்ந்தது, இரண்டு பக்கத்துக்கும் சமமாக. ஒரே உயரத்து விளக்குக் கம்பங்கள் பல கோணங்களில் வளைந்து நின்றன. மின்சாரம் போய்விட்டது. மின்சாரம் போனதால் மோட்டார் ஓடவில்லை. குழாயில் தண்ணீரும் வரவில்லை. சுரங்கத்தில் தண்ணீர் தொல்லை தாங்காமல் இரவும் பகலும் இறைத்து வெளியே கொட்டும் ஊர் இது. நாட்டுக்கே விளக்கேற்றும் ஊர் இது. நாங்கள் மெழுகுவர்த்தியோடு காலி வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்படியொரு நகைச்சுவையை நான் எழுதியிருந்தால் பத்திரிகைக்காரர்கள் மிகை என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

வடக்குத்தில் சரசம்மா வீட்டுக் கூரை பறந்துவிட்டது. மகள் அப்போதுதான் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருந்தாள். மூவரும் எங்கள் வீட்டுப் பின்புறம் ஸ்கூட்டர் நிற்கும் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பச்சைக் குழந்தை இருக்கும் இடத்தில் தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்பதைப் பிள்ளை வளர்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தொட்டியில் மிஞ்சியிருந்தது முதல் இரண்டு நாளிலேயே தீர்ந்தது. துணி மூட்டை நாற ஆரம்பித்தது. மகளுக்குக் காய்ச்சல் கண்டது.

சார் அந்த நாட்களில் மிகவும் சுறுசுறுப்பாக இருந்தார். கொசுபேட்டில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. ஆனாலும் கையை விட்டு இறக்கவில்லை. பிரம்பு மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், "பதற்றம் வேண்டாம். நாம படிச்சவங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை யாரும் பதறவில்லை. அவர் சொன்ன பிறகுதான் கடையில் மெழுகுவர்த்தி கிடைக்காமல் போனது.

ஒருநாள் இரவு, விடிந்ததும் தண்ணீர் லாரி எங்கள் பிளாக் மைதானத்துக்கு வருகிறது என்று தகவல் வந்தது. எங்கள் பக்கத்தில் வரிசை என்றால் ஆள் நிற்பதில்லை, பாத்திரம்தான் நிற்கும். குடத்தை வைத்துவிட்டு ஆள் நிழலுக்குப் போய்விடலாம். குடம் இருக்கும் இடம் அவர் இடம். அதை யாரும் நகர்த்த மாட்டார்கள். எந்தச் சட்டத்திலும் இல்லாத இந்த வழக்கம் அதுவரை ஒருநாளும் தவறியதில்லை. முதல் இடத்தில் சரசம்மாவின் மஞ்சள் பிளாஸ்டிக் குடம் இருந்தது. வெளிச்சம் வருமுன்பே வைத்திருந்தார்.

லாரி வந்து நின்றது. சாரும் வந்தார். வரிசையை மேலும் கீழும் பார்த்தார். ஒரு அலங்கோலமான ஃபைலைப் பார்ப்பதுபோல முகம் சுருங்கியது.

"இது என்ன வரிசை? யார் வேணா எங்க வேணா வச்சிருக்கீங்க. பின்னால தகராறு வரும். நான் ஒழுங்குபண்ணித் தரேன்."

பேட்டின் நுனியால் ஒவ்வொரு பாத்திரமாகத் தட்டி, "இது யாரோடது?" என்று கேட்டார். சொன்னதும், கண்ணை ஒரு நொடி மூடித் திறந்து, இடத்தைக் காட்டினார். முதலில் எக்ஸிகியூட்டிவ் வாளிகள். அதற்குள் கிரேடு வாரியாக. கிரேடு ஒன்றானால் பிரமோஷன் தேதி. அப்புறம் மற்றவர்கள். அப்புறம் ரிட்டையர் ஆகியும் காலிசெய்யாதவர்கள். கடைசியில் காண்ட்ராக்ட். நம்பமாட்டீர்கள், யாரும் சிரிக்கவில்லை. குவார்ட்டர்ஸ் முதல் கிளப் நாற்காலிவரை சீனியாரிட்டிப்படி வாங்கிப் பழகியவர்கள் நாங்கள். தாகத்துக்கும் அது பொருந்தும் என்று எங்களுக்குத் தோன்றியது. அவரவர் வாளியை அவரவரே தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். என் வாளி நடுவில் இருந்தது, நடுவிலேயே வைக்கப்பட்டது. என் வாழ்க்கைக் குறிப்பை இத்தனை சுருக்கமாக வேறு யாரும் எழுதியதில்லை.

மஞ்சள் குடத்தைப் பேட்டால் தள்ளி வரிசைக்கு வெளியே விட்டார்.

"இன்னா சார் இது?" சரசம்மா எழுந்து வந்தார். "வெடிகாலையிலேருந்து குந்திகினு இருக்கேன். பொண்ணு புள்ள பெத்த ஒடம்போட காஞ்சிகினு கெடக்குது. ஒரு கொடம் புடிச்சிகினு போயிட்றேன்."

"எல்லாருக்கும் கஷ்டம்தாம்மா. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. நீ எந்த கிரேடுல வர்ற?"

"கிரேடா? ஒங்க வூட்ல பாத்திரம் தேய்க்கிற கிரேடு சார்."

இரண்டு பேர் சிரித்தார்கள். சாருக்குக் காது சிவந்தது. பதில் சொல்வதற்குள் முன்வரிசையில் வேறு ஒன்று வெடித்தது. ஃபோர்மேன் வாளியும் ஸ்டோர்ஸ்காரர் வாளியும் ஒரே கிரேடு. சார் ஸ்டோர்ஸை முன்னால் வைத்திருந்தார்.

"அந்தாளுக்கு எனக்கப்புறமுல்லா பிரமோஷன்?" என்றார் ஃபோர்மேன்.

"ஆர்டர் லேட்டு. எஃபெக்ட் முன் தேதியிலேருந்து" என்றார் சார்.

"எப்படி வாங்குனான்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்."

"யாரைய்யா அவன் இவன்ங்கற?" என்று திரும்பினார் ஸ்டோர்ஸ். "பலாப்பழத்தையே அழுகவிட்டுத் தின்ன விடாத பய நீ. தண்ணிய விடுவியா?"

பழம் அழுகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சண்டை மட்டும் அழுகாமல் அப்படியே இருந்தது. ஃபோர்மேன் வாளியை உதைத்தார். ஸ்டோர்ஸ் அவர் சட்டையைப் பிடித்தார். அன்று காலைதான் இருவரும் மார்கழி பஜனையில் ஒரே ஜால்ராவுக்குப் பாடிவிட்டு வந்திருந்தார்கள். நெற்றியில் குங்குமம் ஈரமாக இருந்தது. ஒன்றிரண்டு பேர் விலக்கப் போனார்கள். விலக்கப் போனவர்களில் யாருக்கு முன்னால் யார் என்பதில் இன்னொரு தகராறு. ரிட்டையர் ஆன ஒரு தமிழாசிரியர் எவர்சில்வர் தூக்கை ஓங்கிக்கொண்டு நின்றார். அவர் வாயிலிருந்து வந்த சொற்களில் ஒன்றுகூட எந்த அகராதியிலும் கிடையாது.

லாரி டிரைவர் காடாம்புலியூர்க்காரர். ஹோஸைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் சொன்னார். "எங்க முந்திரித் தோப்பு பூரா படுத்துகினு கெடக்குது. அத வுட்டுட்டு வந்து ஒங்களுக்கு ஊத்திகினு இருக்கேன். நீங்க பிரமோசனுக்கு அடிச்சிக்கிறீங்க. முடிச்சிட்டுச் சொல்லுங்க, நா அடுத்த பிளாக்க பாத்துட்டு வரேன்."

சார் கைகளை மார்பளவுக்கு உயர்த்திக்கொண்டு நடுவில் புகுந்தார். "நாம என்ன காட்டுவாசிங்..."

ஃபோர்மேன் அவர் நெஞ்சில் கைவைத்து ஒரு தள்ளு தள்ளினார். சார் பின்னால் போய் லாரிச் சக்கரத்தில் முட்டி நின்றார். கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. அவர் முகத்தை அப்போது பார்த்தேன். மிருகத்தைக் கட்டிவைத்தவன் முகம் அது இல்லை. பேட் உயர்ந்தது. ஃபோர்மேன் எதிரில்தான், கை எட்டும் தூரத்தில், இடுப்பில் கைவைத்து நின்றார். பேட் அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பியது.

லாரி போய்விடுமோ என்று சரசம்மா குடத்தை ஹோஸுக்கு அடியில் நீட்டியிருந்தார். அந்தக் கையின்மேல் பேட் இறங்கியது.

கோபத்தின் உச்சியிலும் மனிதர் முறை தவறவில்லை என்பதை நான் பதிவு செய்தாக வேண்டும். தள்ளியவர் சாருக்கு மேல் கிரேடு. அடி, இருந்ததிலேயே கீழ் கிரேடுக்குப் போனது.

பேட்டின் கழுத்து ஒடிந்து கம்பிவலை தொங்கியது. மைதானம் அமைதியாகிவிட்டது, சார் எப்போதும் விரும்பிய அதே அமைதி. சரசம்மாவின் மணிக்கட்டில் வரிவரியாகச் சிவந்திருந்தது. சரசம்மா அதைப் பார்த்தார். பேட்டைப் பார்த்தார்.

"சார்ஜி இல்லாத பேட்டு சார்" என்றார். "இதுல கொசுவே சாவாது."

டிரைவர் வால்வில் கைவைத்தார். "அந்தம்மா ரொப்பிகினாத்தான் மத்தவங்களுக்கு. இல்லாட்டி வண்டிய எடுத்துக்குவேன்."

உடனே எங்களுக்கெல்லாம் மனிதாபிமானம் பீறிட்டது. "புடிம்மா, நீ முதல்ல புடி" என்றார் ஸ்டோர்ஸ். "பச்சப்புள்ள இருக்குல்லா வீட்ல" என்றார் ஃபோர்மேன், ஸ்டோர்ஸின் சட்டையிலிருந்து கிழித்துக் கையில் வைத்திருந்த பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு. சரசம்மா அவசரப்படவில்லை. குடத்தை அலசினார். கொட்டினார். மறுபடி நிறைத்தார். என் மனைவியின் பெரிய தேக்சாவையும் கொண்டுவரச் சொல்லி அதையும் நிறைத்தார். மொத்த பிளாக்கும் மூச்சு விடாமல் காத்து நின்றது. பிறகு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, யாரையும் திரும்பிப் பாராமல் நடந்தார். அன்று சாயங்காலம் ஷெட்டில் குழந்தையைக் குளிப்பாட்டும் சத்தம் கேட்டது. குழந்தை ஊரைக் கூட்டியது. மகளுக்கும் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கியது.

மின்சாரம் வந்தது. கம்பங்களை நிமிர்த்தினார்கள். ஃபோர்மேனும் ஸ்டோர்ஸும் விழுந்த பலாமரத்தைச் சேர்ந்து நின்று அறுத்தார்கள். வாய் ஓயாமல் திட்டிக்கொண்டேதான். நாகரிகம் பழைய வோல்டேஜில் ஓட ஆரம்பித்தது.

பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம் சார் காம்பவுண்டிலிருந்து கூப்பிட்டார். நாற்காலி, பனியன், லுங்கி. புதுக் கொசுபேட், பச்சை நிறத்தில்.

"அன்னிக்கு நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க" என்றார். "நான் அடிக்கலை. பேட்டு குறுக்க இருந்துச்சு. அவளா கைய நீட்டி மாட்டிக்கிட்டா."

கொசு ஒன்று வந்தது. டப்.

"அதுலேருந்து அவ வேலைக்கு வரலை. உங்க வீட்டுக்கு மட்டும் வர்றாளாம்ல?"

"ஆமாம் சார். ஷெட்டுலதான இருக்காங்க."

"நிக்கறதுன்னா சொல்லிட்டு நிக்கணும். ஒரு மாசம் முன்னாடி சொல்லணும். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அவர் சொல்லி முடிக்கவும் உள்ளே சமையலறையில் ஒரு பாத்திரம் தரையில் விழுந்தது. நல்ல கனமான பாத்திரம். உருண்டு அடங்க நேரமாயிற்று. சார் தலையைத் திருப்பாமல், "மெதுவா" என்றார்.

இன்னொன்று விழுந்தது. அது உருளவில்லை. விழுகிற பாத்திரத்துக்கும் எறிகிற பாத்திரத்துக்கும் சத்தத்தில் வித்தியாசம் உண்டு.

எங்கள் வீட்டு ஜன்னலில் என் மனைவியின் தலை தெரிந்தது. பக்கத்தில் சரசம்மாவின் தலை.

மூன்றாவது விழுந்தது. சார் எழுந்து உள்ளே போகவில்லை. பேட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி, அடுத்த கொசுவுக்காகக் காத்திருந்தார்.